தூணில் மாட்டிய பெட்டி

கிளியம்மாளுக்கு உதவியாக இருக்கட்டும் என்றுதான் ஸ்ரீவித்யா அந்தப் பெட்டியில் டிஸ்ப்ளே ஒன்றைப் பொருத்தினாள். அது கிளியம்மாளின் வேலைக்கே உலை வைக்கும் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை.

பொழிச்சலூரில், விமானங்கள் சக்கரத்தை இறக்கிக்கொண்டு தலைக்கு மேலே போகிற தெரு ஒன்றில் எட்டு வீடுகள் கொண்ட அடுக்ககம் அது. கார் நிறுத்துமிடத்தின் ஒரு மூலையில், தரைக்குக் கீழே சம்ப். அதில் ஒருநாள் விட்டு ஒருநாள் லாரித் தண்ணீர் விழும். சாயங்காலம் நாலரை மணிக்கு அரை மணி நேரம் போர் தண்ணீரையும் அதில் விடுவார்கள். அங்கிருந்து மோட்டார் போட்டு மாடித் தொட்டிக்கு ஏற்ற வேண்டும். மோட்டார் போடுவது, அணைப்பது, லாரி வந்தால் குழாயைப் பிடித்து உள்ளே விடுவது, படிக்கட்டு பெருக்குவது எல்லாமே கிளியம்மாள்தான். அனகாபுத்தூரில் இருந்து காலை ஆறு மணிக்கு வருவாள், சாயங்காலம் ஆறு மணிக்குப் போவாள். ஒன்பது வருஷமாக அப்படித்தான்.

சம்ப்பில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க, ஒவ்வொரு தடவையும் அவள் அந்த இரும்பு மூடியை இரண்டு கையாலும் பிடித்துப் புரட்ட வேண்டும். ஒருநாள் அது நழுவி அவள் கட்டைவிரல் நகம் பெயர்ந்து போனது. முதல் மாடியில் இருந்த ஸ்ரீவித்யாதான் மஞ்சள் துணியைத் தேடி எடுத்து வந்து கட்டு போட்டாள். அன்று இரவே அவளுக்கு இந்த யோசனை வந்துவிட்டது.

ஸ்ரீவித்யாவுக்கு நாற்பத்தாறு வயது. தாம்பரத்தில் ஓர் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை. படித்தது என்னவோ எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ. அந்தப் படிப்புக்கும் பார்த்த வேலைக்கும் சம்பந்தமே இல்லாமல் இருபத்தைந்து வருஷம் ஓடிவிட்டது. இப்போது மகள் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருக்க, சாயங்காலங்கள் மிச்சப்பட்டன. பழைய சால்டரிங் அயர்னைத் தூசி தட்டி எடுத்தாள்.

பிப்ரவரியில் பெட்டி தயாரானது. சம்ப்பின் வாய் விளிம்பில், மூடிக்கு அடியில், ஒரு சின்ன சென்சார். கண்ணுக்குத் தெரியாத ஒளியை அது கீழே அனுப்பும். தண்ணீரின் மேல் மிதக்கும் வெள்ளைத் தெர்மோகோல் தட்டில் பட்டு அது திரும்புவதை வைத்து மட்டத்தைச் சொல்லிவிடும். அங்கிருந்து கம்பிகள் பக்கத்துத் தூணில் மாட்டிய பிளாஸ்டிக் பெட்டிக்கு வந்தன. பெட்டிக்குள் இருந்த போர்டு அந்த அளவை அவள் வீட்டு வைஃபை இணைப்பு வழியாக எல்லோருடைய செல்போனுக்கும் அனுப்பியது. எண்பது என்றால் நூற்றுக்கு எண்பது பங்கு தண்ணீர் இருக்கிறது என்று அர்த்தம். இரண்டு மாதம் ஒரு பிசகும் இல்லாமல் ஓடியது.

ஆனால் கிளியம்மாளிடம் இருந்தது பட்டன் போன். அவளுக்கு அந்த எண்ணைப் பார்க்க வழியில்லை. மறுபடியும் மூடியைத்தான் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"எல்லார் வூட்டுக்கும் தெரியுது, எனக்குத்தான் தெரியல. நல்லா கீதுமா உங்க பொட்டி" என்று ஒருநாள் அவள் சிரித்துக்கொண்டே சொன்னது ஸ்ரீவித்யாவுக்கு உறைத்தது.

தமிழ் வருஷப் பிறப்பு லீவில் உட்கார்ந்து, பெரிய எழுத்தில் எண் தெரிகிற நீல டிஸ்ப்ளே ஒன்றைப் பெட்டியின் மூடியிலேயே பொருத்தினாள். டிஸ்ப்ளே ஐந்து வோல்ட்டில் வேலை செய்வது. போர்டும் சென்சாரும் மூன்று புள்ளி மூன்று வோல்ட்காரர்கள். அது அவளுக்குத் தெரியும். அதனால் டிஸ்ப்ளேவுக்கு மின்சாரம் தரும் சிவப்புக் கம்பியைத் தனியாகவே இழுத்தாள். செய்தி போகிற இரண்டு கம்பிகளை மட்டும், சென்சார் இருந்த அதே கம்பிகளோடு சேர்த்துவிட்டாள். எத்தனை சாதனம் வேண்டுமானாலும் அந்த இரண்டு கம்பியில் தொங்கலாம் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். மாட்டியதும் எண்பத்திரண்டு என்று நீலத்தில் ஒளிர்ந்தது. கிளியம்மாள் கைதட்டினாள்.

நாலு நாள் கழித்து, ஸ்ரீவித்யாவின் கணவன் பத்ரி செல்போனை அவள் முகத்துக்கு நேராக நீட்டினான்.

"வித்யா, இதப் பாரு. மத்தியானம் ரெண்டரைக்கு எழுபத்தொன்பதுல இருக்கு. மூணேகாலுக்கு முப்பத்தாறு. எங்க போச்சு அவ்வளவு தண்ணி?"

பத்ரி சாஃப்ட்வேர் கம்பெனியில் இருப்பவன். கோடு போட்ட படம் எதுவாக இருந்தாலும் அதன் மேல் அவனுக்கு ஒரு தனி பக்தி. அந்தக் கோடு மெதுவாக, ஒழுங்காக, ஒரு சரிவுபோல இறங்கியிருந்தது. பின்பு நாலரைக்கு மேல் மெல்ல ஏறி, ஆறு மணிக்குப் பழைய இடத்துக்கே வந்திருந்தது.

"மோட்டார் போட்டிருப்பாங்க" என்றாள் ஸ்ரீவித்யா.

"மத்தியானம் யாரு மோட்டார் போடறா? காலையிலயே மேல் டேங்க் ஃபுல்."

அவள் உடனே லேப்டாப்பை எடுத்துக்கொண்டு கீழே போனாள். டிஸ்ப்ளே மூடியிலேயே ஒட்டியிருந்ததாலும் அதன் கம்பிகள் குட்டையாக இருந்ததாலும், பெட்டியைத் திறக்க வேண்டுமென்றால் முதலில் டிஸ்ப்ளேவின் கம்பியைக் கழற்ற வேண்டும். கழற்றினாள். திறந்தாள். லேப்டாப்பைச் சொருகிப் பார்த்தாள். எண்கள் வரிசையாக ஓடின: எண்பது, எண்பது, எண்பது. இரும்பு மூடியைத் தூக்கி உள்ளே பார்த்தாள். தண்ணீரும் அந்த அளவில்தான் நின்றது. பெட்டியில் ஒரு குறையும் இல்லை.

பத்தொன்பதாம் தேதியும் மத்தியானம் இறங்கியது. இருபத்து மூன்றாம் தேதியும், இருபத்தைந்தாம் தேதியும். ஒவ்வொரு தடவையும் அவள் அலுவலகத்திலிருந்து வந்து பெட்டியைத் திறந்து பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் அது சமர்த்தாகச் சரியான எண்ணைச் சொன்னது. பெட்டி சரி என்றால் தண்ணீர் போனது நிஜம். தண்ணீர் போனது நிஜம் என்றால் எங்கே? சம்ப்பில் விரிசலா? விரிசல் மத்தியானத்தில் மட்டும் திறந்து சாயங்காலம் மூடிக்கொள்ளுமா? யோசிக்க யோசிக்க அவளுக்குத் தலை கிறுகிறுத்தது.

பத்ரிக்கு அந்தக் குழப்பம் இல்லை. "ரொம்ப சிம்பிள். மத்தியானம் நாமெல்லாம் ஆபீஸ்ல இருக்கோம். பக்கத்துல கட்டடம் கட்டறாங்க, அவங்களுக்குத் தண்ணி வேணும். நல்ல லாரித் தண்ணிய எடுத்துக் குடுத்துட்டு, அப்புறம் அந்த உப்புப் போர் தண்ணிய ரொம்ப நேரம் விட்டு நெரப்பி வெச்சிடறது. மூணாவது மாடில சோப்பு நுரைக்கலன்னு சொன்னாங்களே, ஞாபகம் இருக்கா?"

"கிளியம்மாவா? சேச்சே."

"நான் பேர் சொல்லல. கோடு சொல்லுது."

அவன் அந்தக் கோட்டை அடுக்ககத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டான். போடும் முன் அவளிடம் கேட்கவில்லை. போட்ட பிறகு, அதை எடுத்துவிடு என்று அவளும் சொல்லவில்லை. அவளுக்கே நிச்சயமில்லாத ஒன்றை எப்படி அவ்வளவு நிச்சயமாக மறுப்பது?

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, கார் நிறுத்துமிடத்தில் எல்லோரும் கூடினார்கள். சங்கத் தலைவர் லக்ஷ்மிநாராயணன் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். குரலை உயர்த்தாமல் பேசுவார். அதனாலேயே அவர் பேசுவது தீர்ப்பு மாதிரி இருக்கும். பத்ரியின் செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு தேதிகளை ஒவ்வொன்றாகப் படித்தார்.

"பதினெட்டு, பத்தொன்பது, இருபத்து மூணு, இருபத்தஞ்சு. இந்த நாலு நாளும் மத்தியானம் ரெண்டரைக்கு மேல இங்க யாரும்மா இருந்தா?"

"நான்தான் சார் இருந்தேன். வேற யாரு இருப்பா?"

"தண்ணி எறங்கியிருக்கே?"

"எறங்கலியே சார். நான் இங்கதான குந்திகினு இருந்தேன்."

"யாருக்காவது குடுத்தியா? பக்கத்து சைட்டுக்கு?"

கிளியம்மாளின் பார்வை பக்கத்து சைட்டின் பக்கம் போய்த் திரும்பியது. பின்பு, "அந்த நாலு நாளும் ஒரு சொட்டு எடுக்கல சார்" என்றாள்.

"அப்போ பெட்டி பொய் சொல்லுதா?"

அவள் லக்ஷ்மிநாராயணனைப் பார்க்கவில்லை, பத்ரியைப் பார்க்கவில்லை. நேரே ஸ்ரீவித்யாவைப் பார்த்தாள். "நீங்க சொல்லுங்கமா. நீங்க செஞ்ச பொட்டிதானே?"

எல்லோரும் ஸ்ரீவித்யாவின் பக்கம் திரும்பினார்கள். கிளியம்மாள் திருடுவாள் என்று அவள் நம்பவில்லை. ஆனால் தன் கையால் நான்கு முறை சோதித்துப் பார்த்த பெட்டி தவறு என்று எப்படிச் சொல்வது? எதையாவது சொல்லியாக வேண்டும் என்று வாயைத் திறந்தாள்.

"பெட்டி அப்படித்தான் காட்டுது, கிளியம்மா" என்றாள்.

கிளியம்மாள் இடுப்பில் சொருகியிருந்த சாவிக்கொத்தை எடுத்தாள். மோட்டார் அறைச் சாவி, கேட் சாவி, மாடிச் சாவி மூன்றும் இருந்த அந்தக் கொத்தைப் பக்கத்தில் நின்ற காரின் மேல் வைத்தாள். "பொட்டியையே பெருக்கச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போய்விட்டாள்.

அதற்கு மறுநாளிலிருந்து, வீட்டுக்கு ஒருநாள் என்று முறைபோட்டு மோட்டார் போட்டார்கள். படிக்கட்டு பெருக்கப்படாமல் கிடந்தது. செவ்வாய்க்கிழமை மத்தியானம், அலுவலகத்தில் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது ஸ்ரீவித்யாவின் செல்போன் முணுமுணுத்தது. தண்ணீர் நாற்பதுக்குக் கீழே போனால் வரும்படி அவள் புதிதாக அமைத்திருந்த எச்சரிக்கை. முப்பத்தெட்டு.

அவள் டப்பாவை அப்படியே மூடிவிட்டாள். கிளியம்மாள் இல்லை. கேட் பூட்டியிருக்கிறது. அப்படியும் தண்ணீர் இறங்குகிறது.

சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்த லக்ஷ்மிநாராயணன், "சைட் ஆளுங்க சுவரேறிக் குதிக்கறாங்களோ என்னவோ" என்றார். "அவளோட ஆளுங்களா இருக்கும்" என்று பத்ரி சொன்னான். ஸ்ரீவித்யா சமையலறைக்குப் போனாள். குக்கரில் அரிசியைப் போட்டுத் தண்ணீர் ஊற்ற மறந்து அடுப்பில் வைத்துவிட்டு, கருகல் வாசனை வந்த பிறகுதான் கவனித்தாள்.

புதன்கிழமை அலுவலகத்துக்கு லீவு சொன்னாள். பத்ரி கிளம்பிப் போனதும், கிளியம்மாள் வழக்கமாக உட்காரும் பிளாஸ்டிக் ஸ்டூலைச் சம்ப்புக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு மணி வரை எழுபத்தெட்டு. ஒன்றரைக்கும் எழுபத்தெட்டு. இரண்டு மணிக்கு மேல் மேற்கு வெயில் சுவரைத் தாண்டித் தூணின் மேலும் சம்ப்பின் இரும்பு மூடியின் மேலும் விழுந்தது. பெட்டி சுட்டது. இரண்டே காலுக்கு எழுபத்து மூன்று. அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அறுபத்தொன்பது. அறுபது. ஐம்பத்திரண்டு.

யாரும் வரவில்லை. ஒரு பூனைகூட வரவில்லை. மோட்டார் அணைந்திருந்தது. அவள் எழுந்து இரும்பு மூடியைப் புரட்டினாள். அது கனத்தது, இரண்டாவது முயற்சியில்தான் நகர்ந்தது. குனிந்து பார்த்தாள். தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில், காலையில் இருந்த அதே இடத்தில், அசையாமல் நின்றது. வெள்ளைத் தட்டு அதன் மேல் மிதந்துகொண்டிருந்தது.

தலையைத் திருப்பிப் பெட்டியைப் பார்த்தாள். நாற்பத்தொன்று என்று நீலத்தில் ஒளிர்ந்தது.

"பெட்டி அப்படித்தான் காட்டுது" என்று தான் சொன்னது காதில் கேட்டது. ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். இத்தனைக்கும் குழப்பம் தீரவில்லை. பெட்டி பொய் சொல்கிறது, சரி. ஏன் சொல்கிறது? திறந்து பார்க்கும்போதெல்லாம் ஏன் ஒழுங்காக இருக்கிறது?

டிஸ்ப்ளேவின் கம்பியைக் கழற்றிப் பெட்டியைத் திறந்தாள். லேப்டாப்பில் எண் மெல்ல ஏறி எழுபத்தெட்டில் நின்றது. மூடிவிட்டுக் கம்பியை மாட்டினாள். ஐந்து நிமிஷத்தில் மறுபடி சரியத் தொடங்கியது. வெயில்தான் காரணமோ என்று, கழற்றிய பெட்டியை அதே வெயிலில் கால் மணி நேரம் திறந்து வைத்தாள். எழுபத்தெட்டு. அப்படியானால் வெயில் மட்டும் இல்லை. மூடினால் பொய், திறந்தால் நிஜம். மூன்று தடவை திறந்து மூடினாள். பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது.

நாலாவது தடவை, கையில் கழற்றிய நாலு கம்பியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். திறப்பதற்கும் மூடுவதற்கும் நடுவே வேறொன்றையும் அவள் செய்துகொண்டிருந்தாள். டிஸ்ப்ளேவைக் கழற்றினாள், டிஸ்ப்ளேவை மாட்டினாள். சோதித்தபோதெல்லாம் டிஸ்ப்ளே இல்லாத பெட்டியைத்தான் சோதித்திருக்கிறாள்.

மேலே ஓடிப்போய் நீளமான கம்பிகளும் மல்டிமீட்டரும் கொண்டு வந்தாள். டிஸ்ப்ளேவை நீளக் கம்பியில் மாட்டித் தரையில் வைத்தாள். பெட்டி திறந்தே இருந்தது. செய்தி போகும் கம்பியில் மீட்டரின் முனையை வைத்தாள். யாரும் பேசாத நேரத்தில் அந்தக் கம்பி மேலே நிற்கும். பேச வேண்டிய சாதனம் அதைக் கீழே இழுத்து இழுத்து விடும். அப்படித்தான் அந்த இரண்டு கம்பியில் எல்லோரும் பேசிக்கொள்கிறார்கள். மேலே நிற்பது மூன்று புள்ளி மூன்றில் நிற்க வேண்டும். மீட்டர் நாலு புள்ளி ஒன்று என்றது.

டிஸ்ப்ளேவைக் கழற்றினாள். மூன்று புள்ளி மூன்று.

மாட்டினாள். நாலு புள்ளி ஒன்று.

ஸ்ரீவித்யா மீட்டரைத் தரையில் வைத்தாள். சிவப்புக் கம்பியை மட்டும் பிரித்தால் போதும் என்று நினைத்திருந்தாள். டிஸ்ப்ளே செய்திக் கம்பிகளையும் தன்னுடைய ஐந்து வோல்ட்டை நோக்கி மேலே இழுக்கும் என்று அவளுக்குத் தோன்றவேயில்லை. அவள் படித்த காலத்தில் எல்லாச் சாதனமும் ஐந்து வோல்ட்தான். எதை எதோடு சேர்த்தாலும் பேசும். தன் அளவுக்கு மேல் தள்ளப்பட்ட சென்சார், குளிர்ச்சியான நேரத்தில் எப்படியோ தாக்குப்பிடித்திருக்கிறது. வெயில் கொளுத்திய நாட்களில் சூடேறி நடுநடுவே உளறியிருக்கிறது; சாயங்காலம் சூடு தணிந்ததும் தெளிந்திருக்கிறது.

அந்த உளறலை உளறலாகவே காட்டியிருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். எண்பது, மூன்று, எண்பது, பூஜ்யம் என்று குதித்திருக்கும். ஆனால் கோடு அழகாக வர வேண்டும் என்று, பழைய அளவுகளோடு புதியதைச் சேர்த்துச் சராசரி போடும்படி எழுதி வைத்திருந்தவள் அவள்தான். உளறலும் நிஜமும் கலந்து, நம்பும்படியான ஒரு சரிவாகப் போயிருக்கிறது. யாரோ குடம் குடமாக மொண்டு எடுத்தது போன்ற சரிவு.

சாயங்காலம் பத்ரி வந்ததும் அவனைக் கீழே அழைத்துப்போய்க் காட்டினாள். அவன் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தான். கம்பியைத் தானே இரண்டு தடவை கழற்றி மாட்டிப் பார்த்தான்.

"அப்போ நாலு நாளுமா?"

"நாலு நாளும்."

"நான் குரூப்ல போட்டுட்டேனே, வித்யா" என்றான் மெல்லிய குரலில்.

"நான் எல்லார் முன்னாடியும் சொன்னேனே" என்றாள் அவள்.

மறுநாள் அலுவலகம் விட்டு வரும் வழியில் ஸ்கூட்டரைப் பம்மல் வழியாக அனகாபுத்தூருக்குத் திருப்பினாள். ஆற்றை ஒட்டிய சந்துக்குள் வண்டி நுழையாது. ஒரு பெட்டிக்கடை ஓரமாக நிறுத்திவிட்டு, விசாரித்து நடந்தாள். கிளியம்மாளின் வீட்டில் ஆற்று வெள்ளத்துக்குப் பயந்து பீரோவும் கட்டிலும் நாலு நாலு செங்கல்லின் மேல் நின்றன. கிளியம்மாள் வாசலில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள், எழுந்திருக்கவில்லை.

"இன்னாமா, பொட்டி அனுப்பிச்சுதா?"

"இல்ல. பெட்டி தப்பு. பெட்டின்னு சொல்லக்கூடாது, நான்தான் தப்பா மாட்டிட்டேன்." கொட்டித் தீர்த்துவிட வேண்டும்போல ஸ்ரீவித்யா பேசினாள். மூன்று வோல்ட், ஐந்து வோல்ட், பொதுக் கம்பி என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினாள். "உங்களுக்காகத்தான் அந்த நீல டிஸ்ப்ளே வெச்சேன். அதுதான் கெடுத்துச்சு. தண்ணி எறங்கவே இல்ல. நான் உக்காந்து பார்த்தேன்."

"நானுந்தான் குந்திகினு பாத்தேன். நான் சொல்லலியா?"

"சொன்னீங்க."

"நீங்க பாத்தா நெசம். நான் பாத்தா பொய்." கிளியம்மாள் மீனைத் திருப்பிப் போட்டு அடுத்த பக்கம் செதில் தேய்த்தாள். கோபமாகச் சொன்ன மாதிரியும் இல்லை.

ஸ்ரீவித்யா அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். "மன்னிச்சிடுங்க. வேலைக்கு வாங்க" என்றாள்.

கிளியம்மாள் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டாள். "ஒண்ணு சொல்றேன் கேளுங்கமா. நான் தண்ணி குடுத்தேன்."

"என்ன?"

"அந்த நாலு நாள் இல்ல. அதுக்கு முன்னால, வருசப் பொறப்புக்கு முன்னால. அஞ்சாந்தேதி. பக்கத்து சைட்டுக்கு அன்னிக்கு லாரி வரல. அங்க வேல செய்யுதே, வடக்கத்திப் பொண்ணு, அதோட கொயந்த வயித்தால போயி கெடந்துச்சு. கயுவித் தொடைக்கக்கூடத் தண்ணி இல்ல. ரெண்டு டிரம்மு மொண்டு குடுத்தேன். யாரையும் கேக்கல."

ஸ்ரீவித்யா அங்கேயே செல்போனை எடுத்து ஐந்தாம் தேதியைத் தேடினாள். காலை பதினொன்றரைக்கு, கோட்டில் ஒரு சின்னப் படி. எழுபத்தாறிலிருந்து எழுபது. அப்போது டிஸ்ப்ளே கிடையாது. பெட்டி நிஜத்தைத்தான் சொல்லியிருக்கிறது. அதை யாரும் கவனிக்கவில்லை, அவள் உட்பட. பொய்ச் சரிவு பெரிதாக இருந்தது; எல்லோரும் அதைப் பார்த்தார்கள்.

இப்போது அவளுக்கு எது சரி, எது தப்பு என்றே புரியாமல் போயிற்று. சபையில் போய், கிளியம்மாள் ஒரு சொட்டும் எடுக்கவில்லை என்று உறுதியாகச் சொல்லத் தயாராக வந்திருந்தாள்.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே" என்றாள்.

"தலைவரு தேதி படிச்சாரு. அந்தத் தேதில குடுத்தியான்னு கேட்டாரு. குடுக்கல. செய்யாததுக்குக் கேட்டுகினு இருக்கும்போது செஞ்சத எப்பிடிமா சொல்றது? ரெண்டும் ஒண்ணாப் போயிடுமே." அவள் சட்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். "வரேன். ஆனா அதே எடத்துல, அதே ஆளுங்க முன்னாடி சொல்லணும். இங்க வந்து சொன்னா எனக்கு மட்டுந்தான் கேக்குது."

ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் கூடினார்கள். ஸ்ரீவித்யா ஸ்டூலின் மேல் மீட்டரை வைத்து, எல்லோருக்கும் தெரியும்படி கம்பியைக் கழற்றி மாட்டிக் காட்டினாள். பாதிப் பேருக்குப் புரியவில்லை. ஆனால் டிஸ்ப்ளே நாற்பது என்று சொல்லும்போது சம்ப் நிறையத் தண்ணீர் நின்றதை அவள் செல்போனில் படம் பிடித்து வைத்திருந்தாள். அது எல்லோருக்கும் புரிந்தது.

"தப்பு என்னோடது. கிளியம்மா அந்த நாலு நாளும் தண்ணி எடுக்கல. போன ஞாயித்துக்கிழமை நான் பேசினதும் தப்பு" என்றாள்.

லக்ஷ்மிநாராயணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்போ இங்கேருந்து யாரும் எப்பவுமே தண்ணி எடுக்கலன்னு வெச்சுக்கலாமா?"

ஸ்ரீவித்யா வாயைத் திறந்தாள். சொல்வதா வேண்டாமா என்று இரவெல்லாம் யோசித்தும் முடிவுக்கு வந்திருக்கவில்லை. அதற்குள் கேட் பக்கம் நின்ற கிளியம்மாள் முன்னால் வந்தாள்.

"அஞ்சாந்தேதி ரெண்டு டிரம்மு நான் குடுத்தேன் சார். சைட்டுல கொயந்தைக்கு ஒடம்பு முடியல. இன்னொரு தபா அப்பிடி வந்து கேட்டாலும் குடுப்பேன். வேணான்னா இப்பவே சொல்லிடுங்க, நான் போய்க்கினே இருக்கேன்."

தலைக்கு மேல் ஒரு விமானம் இறங்கிப் போனது. அந்த இரைச்சல் அடங்கும் வரை லக்ஷ்மிநாராயணன் காத்திருந்தார். ஏதோ கண்டிப்பாகச் சொல்லப்போகிறார் என்று ஸ்ரீவித்யா நினைத்தாள். அவர் முகத்தில் தெரிந்தது கண்டிப்பு இல்லை, தடுமாற்றம்.

"அந்தக் குழந்த இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"நல்லா கீது சார்."

"சரி. அடுத்த தடவ எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிடு. வேணான்னு சொல்ல மாட்டேன்." கொஞ்சம் தயங்கி, "நானும் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது" என்று சேர்த்துக்கொண்டார். சாவிக்கொத்தைத் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தார்.

கிளியம்மாள் வாங்கிக்கொண்டாள். ஆனால் முழு நாளும் வர முடியாது என்று சொல்லிவிட்டாள். இந்த ஒரு வாரத்தில் பம்மலில் ஒரு வீட்டில் மத்தியான வேலைக்குச் சேர்ந்துவிட்டாளாம். அதை விட மாட்டாளாம். காலையில் மட்டும் வருவாள். யாரும் மறுத்துப் பேசவில்லை. அன்றிலிருந்து நாலரை மணி போர் மோட்டார் லக்ஷ்மிநாராயணனின் பொறுப்பானது.

அடுத்த வாரம் ஸ்ரீவித்யா புதுச் சென்சார் ஒன்றை வாங்கி மாட்டினாள். டிஸ்ப்ளேவுக்கும் செய்திக் கம்பிக்கும் நடுவே விரல்நகம் அளவு லெவல் கன்வெர்ட்டர் ஒன்றைச் சேர்த்தாள். அந்தப் பக்கம் ஐந்து வோல்ட் ஐந்தாகவே இருக்கும். இந்தப் பக்கம் மூன்று புள்ளி மூன்றுக்கு மேல் வராது. ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்கும். மீட்டரை வைத்து இரண்டு பக்கமும் பார்த்தாள். ஒருநாள் மத்தியானம் வெயிலில் உட்கார்ந்தும் பார்த்தாள். எண் அசையவில்லை. சராசரி போடும் வரியை அழித்துவிட்டாள். கோடு இப்போது கொஞ்சம் நடுங்கியது. பார்க்க அழகாக இல்லை.

பத்ரி குழுவில் மன்னிப்புக் கேட்டு நாலு வரி எழுதினான். மூன்று பேர் கட்டைவிரல் போட்டார்கள்.

ஸ்ரீவித்யாவுக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை. ஐந்தாம் தேதியன்றே, பெட்டி நிஜம் சொன்ன அன்றே, அந்தச் சின்னப் படியை யாராவது கவனித்துக் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கேட்கிற குரல் எப்படி இருந்திருக்கும்? தானே என்ன சொல்லியிருப்போம்? பெட்டி சரியாக இருந்தால் எல்லாம் சரியாக இருந்திருக்கும் என்று அவளால் நினைக்க முடியவில்லை.

திங்கட்கிழமை காலை அலுவலகத்துக்குக் கிளம்பி அவள் கீழே இறங்கி வந்தபோது, கிளியம்மாள் இரும்பு மூடியைப் புரட்டிக்கொண்டிருந்தாள். தூணில் டிஸ்ப்ளே அறுபத்தாறு என்று ஒளிர்ந்தது.

"அதுல தெரியுதே, கிளியம்மா. எதுக்கு மூடியத் தூக்கறீங்க?"

"தெரியுதுமா. சரியாத்தான் கீது" என்றாள் கிளியம்மாள், உள்ளே எட்டிப் பார்த்தபடி. "கொஞ்சம் அந்தப் பக்கம் புடிங்க. கனமா கீது."

ஸ்ரீவித்யா கைப்பையைத் தோளில் ஏற்றிவிட்டு, குனிந்து மூடியின் மறுபக்கத்தைப் பிடித்தாள்.